இரு விரல் பதம்

நூற்று எண்பத்தேழு ரூபாய் நாற்பது பைசா. சர்வோபகாரப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கண்ணாயிரத்துக்குத் தரவேண்டிய கூலி பாக்கி அது. கரையைத் தனியே கோத்து நெய்கிற மூன்று கோர்வைச் சேலைக்கான கூலி. சேலைகளை அவன் நெய்து, மடித்துக் கொடுத்து, சங்கம் முத்திரை குத்தி, மெட்ராஸில் யார் யாரோ அவற்றைக் கட்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அதில் ஒருத்திக்குப் பிள்ளைகூடப் பிறந்திருக்கும். கூலி மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் தறிக்குழியிலிருந்து ஏறி, முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போவான். செயலாளர் தணிகாசலம் அவனை விரட்டியதே கிடையாது. அன்பாகத்தான் பேசுவார்.

"சங்கம் உன்ன மறந்துடுச்சின்னு நெனைக்காதே. உன் பாக்கி எங்க நெஞ்சுல இருந்துக்கினே இருக்குது."

"நெஞ்சுல இருக்கறத கையில குடுத்தீங்கன்னா தேவலைங்க."

"குடுத்துட்டா அப்புறம் நெஞ்சுல இருக்காதேப்பா."

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. கண்ணாயிரத்துக்குப் பசியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவன் குடியிருந்தது ஏகாம்பரநாதர் கோபுரம் வாசலிலிருந்தே தெரிகிற வாடகை வீடு. குழித்தறிக்காரனுக்கு வீடு என்றால் கூரை அல்ல, குழி. தரையில் குழி வெட்டி, சுவர் பூசி, காலை உள்ளே தொங்கவிட்டு மிதியை மிதித்துத்தான் நெய்யவேண்டும். தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றலாம். குழியை எந்த மாடு இழுக்கும்? அதிலும் நீளவாட்டு இழையாகிய பாவு தறியில் ஏறிப் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பு என்றால், பாவை நடுவே அறுக்கவேண்டும். அறுத்த பாவு பிணத்துக்குச் சமானம். சங்கத்துப் பட்டாக இருந்தாலும் சாவு நெசவாளி வீட்டுச் சாவுதான்.

வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் கெட்டவர் அல்ல. வாடகை பாக்கியை நின்று கேட்கக்கூட மாட்டார், நடந்துகொண்டே கேட்பார். அன்றைக்கு மட்டும் நின்றார்.

"ஐப்பசி பொறந்தா ரெண்டு வண்டி மண்ணு அடிச்சிக் குழிய மூடிடுவேன் கண்ணாயிரம். மனசுல வச்சிக்காதே."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபித்தவரையாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் சங்கத் தலைவர் வீரபாகு டில்லியிலிருந்து திரும்பினார். பட்டு ஏன் விற்கவில்லை என்று காரணம் கண்டுபிடிக்கப் போயிருந்தார். போகும்போது ரயிலில் போனவர் வரும்போது விமானத்தில் வந்தார். கண்டுபிடித்த காரணம் அவ்வளவு அவசரமானது. மறுநாளே சங்கத்து முற்றத்தில் கூட்டம் போட்டு, மாலை போடச்சொல்லி, பேசினார்.

"பேரன்பு கொண்ட பெருமக்களே. டில்லியிலே நான் கண்டது விமானம் அல்ல. விமானம் ஏறுவதற்கு முன்னாலே உயர்தரப் பயணிகளை உட்கார வைக்கிறார்களே ஓர் ஓய்வறை, லவுஞ்சு என்று சொல்கிறார்கள், அதைக் கண்டேன். சோபா. குளிர்ந்த காற்று. கேட்காமலே ரொட்டி. கேட்டால் இன்னொரு ரொட்டி. விமானம் தாமதம் என்றார்கள். இன்னும் தாமதமாகட்டும் என்று நான் கடவுளை வேண்டினேன். பெருமக்களே, அந்த அறையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் நெசவாளர்களைப் பற்றிய நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அப்பேர்ப்பட்ட நிம்மதி. நம் பட்டை வாங்க வருகிற வெளிநாட்டாருக்கு அந்த நிம்மதியை நாம் கொடுக்கவேண்டாமா? நம்மிடம் பட்டு இருக்கிறது, லவுஞ்சு இருக்கிறதா?"

இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் லவுஞ்சு என்று ஒன்றைக் கட்டினால் அதில் என்ன பரிமாறுவது? எந்த ஊர் விமான நிலையத்தில் எந்தப் பண்டம் உயர்வு என்று பார்த்து, ஒப்பிட்டு, அதற்குமேல் அல்லவா நாம் பரிமாறவேண்டும்? உடனே 'உயர்தர ஓய்வறை உணவு ஒப்பீட்டுக் குழு' பிறந்தது. தலைவர் அதற்கும் தலைவர். செயலாளர் அதற்கும் செயலாளர். ஓய்வறைகளுக்குள் போக மேலிடத்துக் கடிதமும் வந்து சேர்ந்தது. கூலிக்குக் கடிதம் போட்டால் மூன்று மாதம் ஆகிற மேலிடம்தான் அது.

சங்க விதிப்படி எந்தக் குழுவிலும் தறியில் உட்காருகிற உறுப்பினர் ஒருவர் இருக்கவேண்டும். வாசற்படியில் கண்ணாயிரம் வழக்கம்போல நின்றிருந்தான். அவன் நின்றது கூலிக்காக. குழு பார்த்தது அவன் வாயை.

"இன்னாபா, நாக்கு நல்லாக்குதா?" என்றார் தணிகாசலம்.

"அதுக்கு இன்னாங்க. வேலை வெட்டி இல்லாம சொம்மா கெடக்குது."

"அந்த மாதிரி நாக்குதான் வேணும். பழகாத நாக்கு. பொய் சொல்லாது. நீ வந்து ருசி பாத்துச் சொல்லணும்."

"என் கூலிங்க?"

"கூலி இந்த ஒப்பீட்டுலதான்பா மாட்டிக்கினு இருக்குது. ரிப்போர்ட்டு முடியற வரைக்கும் எந்தப் பணமும் வெளிய போவக் கூடாதுன்னு தீர்மானம். ரிப்போர்ட்டு முடிஞ்ச அன்னிக்கு உன் கணக்கு தீர்ந்துடும். எழுதி வச்சிக்கோ."

தணிகாசலம் பொய் பேசுகிறவர் அல்ல. கடைசியில் அவர் சொன்னபடியேதான் நடந்தது.

வீட்டில் மணியம்மாள் ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். இவன் சேலையின் உடலை நெய்தால் அவள் அந்தப்புறம் உட்கார்ந்து கரைக்கான இழை ஓடும் நாடாவைத் தள்ளுவாள். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

"ஏரோப்ளேன்ல ஏறப் போறீங்களா?"

"ஏரோப்ளேனாண்ட போறேன். அங்க குந்தித் துன்னுட்டு வரணுமாம்."

"துன்னா?"

"துன்னாத்தான் கூலி குடுப்பாங்களாம்."

அவள் ராட்டையை நிறுத்தினாள். "நெஞ்சா கூலி இல்ல, துன்னா கூலி. நல்ல சங்கம். நானும் வரட்டுமா? எனக்கு உங்களவிட நல்லாத் துன்ன வரும்."

குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒப்பீட்டின் நேர்மையை முன்னிட்டு, சுவைக்கும் உறுப்பினர் முந்தின நாள் முழுவதும் எதுவும் உண்ணக்கூடாது. அந்த விதியைக் கண்ணாயிரம் அது வருவதற்கு முன்பிருந்தே கடைப்பிடித்து வந்தான்.

முதலில் மீனம்பாக்கம். தலைவரின் காரில் போனார்கள். ஓய்வறையில் தரை முழுக்கக் கம்பளம். கால் வைத்ததும் மெத்தென்று ஏதோ மிதிபட, யாருடைய பாவையோ மிதித்துவிட்டோம் என்று கண்ணாயிரம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒற்றைக்காலில் நின்ற அவனைத் தணிகாசலம் பிடித்துச் சோபாவில் உட்கார வைத்தார். சோபா அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. வெள்ளை உடுப்புப் போட்ட பரிமாறுகிறவர் வந்து, ஒரு பீங்கான் கிண்ணத்தை எதிரில் வைத்தார். இளமஞ்சளாக, வழவழவென்று, ஆவி பறக்க ஒரு திரவம்.

அது சூப்பு. கண்ணாயிரம் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததில்லை. ஆனால் அவன் வகையறாவில் யாரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலும் அது என்னவென்று சொல்லியிருப்பார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, இழை விறைக்க அரிசிக் கஞ்சி தெளிப்பார்கள். அந்தக் கஞ்சி. சங்கத்துக்காரர்கள் அழைத்து வந்த இடத்தில் கஞ்சியைக் கண்டதும் அவனுக்கு வந்த முதல் நினைப்பு, பாவு எங்கே என்பதுதான். அறை முழுக்கத் தேடினான். காணவில்லை. சரி, பதம் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிண்ணத்துக்குள் விட்டு, எடுத்து, தேய்த்து, மெல்லப் பிரித்துப் பார்த்தான். விரலுக்கும் விரலுக்கும் நடுவே கஞ்சி நூலாக நிற்கவேண்டும். நிற்கவில்லை.

"நீத்துப் போயிருக்குதுங்க," என்றான். "இழையில ஒட்டாது. வெறும் தண்ணி."

தலைவர் அப்படியே உறைந்துபோனார். பிறகு தணிகாசலத்தின் தொடையில் அடித்தார்.

"கேட்டியாய்யா? டில்லியில நான் எட்டு வகை சாப்பிட்டேன். ஒண்ணுலகூட எனக்குக் கருத்துன்னு ஒண்ணு தோணல. இவன் வாயிலயே வைக்கல, கருத்து சொல்லிட்டான். எழுது. மீனம்பாக்கம் சூப்பு, ஒட்டுதல் போதாது."

"வாயில வச்சிப் பாத்துட்டும் சொல்றேங்க," என்று கண்ணாயிரம் கிண்ணத்தைப் பிடித்தான்.

"வேணாம், வேணாம். வயித்துக்குள்ள போனா நன்றி வந்துடும். நன்றி வந்தா தீர்ப்பு கெட்டுடும். விரல் போதும்."

விரல்விட்ட கிண்ணத்தைப் பரிமாறுகிறவர் மரியாதையாக எடுத்துக்கொண்டு போனார். அடுத்தடுத்து வந்தவற்றிலும் கண்ணாயிரம் விரலை மட்டும் விட்டான். மற்றதைத் தலைவரும் செயலாளரும் சாப்பிட்டார்கள். கட்லெட் என்று ஒன்று வந்தது. அதில் விரல் இறங்கவில்லை. அவர்கள் கைகழுவப் போன நேரத்தில் அதை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டான்.

வீட்டில் மணியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாது இது? போண்டா மேல எவன்னா குந்திட்டானா?"

பிள்ளைகள் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டு, தின்று முடித்துவிட்டு, அவன் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றன. துண்டை உதறிக் காட்டினான். கீழே விழுந்த தூளைச் சின்னது பொறுக்கியது.

இதற்குள் தணிகாசலத்துக்குச் சட்டச் சிக்கல் ஒன்று வந்துவிட்டது. ஒப்பீடு என்றால் எதோடு ஒப்பிடுவது? அடிப்படை உணவு என்று ஒன்று வேண்டாமா? சுவைக்கும் உறுப்பினர் வீட்டில் தின்னுவதுதான் அடிப்படை என்று குழு தீர்மானித்தது. ஒருநாள் அந்திக்கு முன் கார் வந்து வாசலில் நின்றது. மணியம்மாள் ராத்திரிக்கென்று கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருந்தாள். கடனாக வாங்கிய மாவு.

தலைவர் பானைக்குள் இரண்டு விரலை விட்டார். பிரித்துப் பார்த்தார். "நூல் நிக்குதுய்யா," என்றார். ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டார். இன்னொரு சொம்பு. தணிகாசலமும் குடித்தார். கார் ஓட்டி வந்தவரைக் கூப்பிட்டு அவருக்கும் கொடுத்தார்கள். பானையைச் சாய்த்துச் சுரண்டிய பிறகு தலைவர் ஏப்பம் விட்டார்.

"இதான்யா சாப்பாடு. மீனம்பாக்கம் இதுகிட்ட நிக்குமா?"

தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "அடிப்படை உசந்ததுன்னு எழுதினா, அப்புறம் லவுஞ்சே வேணாம்னு ஆயிடுங்க."

"அப்படியா? சரி, அடிப்படையத் தள்ளுபடி பண்ணிடு."

மணியம்மாள் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். "பசங்க வந்தா நான் இன்னாங்க சொல்றது?"

"நாட்டுக்குப் போச்சின்னு சொல்லும்மா," என்றார் தலைவர். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து கோபுரத்தைப் பார்த்தார். தெருவின் அகலத்தைப் பார்த்தார். கார் திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்தார். அந்த நேரத்துக்கு வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் நடந்து வந்தார். காரைக் கண்டதும் நின்றார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பேச்சு நடுவே தலைவர் திரும்பி உள்ளே ஒரு தடவை பார்த்தார். குழியைத்தான் பார்த்தார்.

"ஐயா நமக்காகத்தான் பேசறாரு," என்றான் கண்ணாயிரம் மனைவியிடம். "வாடகைக்குத் தவணை கேக்கறாரு போல."

மணியம்மாள் கவிழ்த்த பானையை எடுத்துக் கழுவப் போனாள்.

அடுத்தது பெங்களூர். தலைவரும் செயலாளரும் விமானத்தில் போனார்கள். கண்ணாயிரம் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போய், விமான நிலையத்துக்கு நடந்து, ஓய்வறை வாசலில் அவர்கள் இறங்குவதற்காகக் காத்திருந்தான். உயரத்தில் பறந்தால் நாக்கு மரத்துப்போகும், ஆகவே சுவைக்கும் உறுப்பினர் தரையோடு வரவேண்டும் என்பது குழுவின் கருத்து. எந்த விமானத்திலும் ஏறாமல் விமான நிலையங்களில் உணவு பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிய ஒரே மனிதன் அந்தக் காலத்தில் அவனாகத்தான் இருப்பான்.

பெங்களூரில் தலைவருக்கும் விரல் முறை கைவந்துவிட்டது. ஐஸ்கிரீமில் விட்டார். "ஒட்டுது." ஜாமில் விட்டார். "நல்லா ஒட்டுது." காப்பியில் விட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு, "ஒட்டல, சுடுது," என்றார். பக்கத்துச் சோபாவில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வெகுநேரம் இதைப் பார்த்தார். இந்த நாட்டு மரியாதை இது போலும் என்று அவரும் தம் சூப்பில் இரண்டு விரலை விட்டு, பிரித்து, இவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காஞ்சிபுரம் முறைய உலகம் ஏத்துக்கிச்சு தணிகாசலம். எழுது."

அவர் உருகி நின்ற அந்த நேரம் பார்த்துக் கண்ணாயிரம் கேட்டான். "ஐயா, ஐப்பசி பொறக்கப் போவுதுங்க. கூலி வந்தா வாடகையக் கட்டிடுவேன். இல்லன்னா குழிய மூடிடுவாங்க. பாவு பாதியில நிக்குது. சங்கத்துப் பாவுதாங்க."

தலைவரின் கண்ணீர் காய்ந்தது. "குழி, குழி, குழி. எப்பப் பாத்தாலும் குழி. வானத்துல பறக்கற எடத்துக்கு உன்ன இட்டுக்கினு வந்திருக்கேன். இங்க வந்தும் குழியப் பேசறியே. தலைய நிமிர்த்தி மேல பாருய்யா."

கண்ணாயிரம் மேலே பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தலையும் சுற்றியது.

பிறகு பம்பாய். போகமாட்டேன் என்று சொல்லித்தான் பார்த்தான். "இதோட ரிப்போர்ட்டு முடியுது. முடிவுல வந்து நின்னுட்டா பாக்கி சந்தேகத்துல போயிடும்பா," என்றார் தணிகாசலம். மணியம்மாள் அன்றைக்குச் சிரிக்கவும் இல்லை, குத்திப் பேசவும் இல்லை. தறியில் நின்றுபோயிருந்த பாவைத் துணி போட்டு மூடினாள்.

"போய் வாங்கிக்கினு வாங்க," என்றாள். "நான் குழிய விட்டு நகர மாட்டேன்."

முன்பதிவு இல்லாத பெட்டியில், கழிப்பறைக் கதவோரம் குந்திக்கொண்டு போனான். விதிப்படி சாப்பிடவில்லை. விதி இல்லாவிட்டாலும் மடியில் காசில்லை. ரயில் வழியில் எங்கெங்கோ நின்று, அவன் ஓய்வறைக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைவரும் செயலாளரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மேசையில் எலும்பும் எச்சில் தட்டும் ஒரு கிண்ணத்தின் அடியில் ஒட்டிய குழம்பும் இருந்தன.

"லேட்டு பண்ணிட்டியேப்பா," என்றார் தணிகாசலம். "சரி, குடி முழுகிப் போவல. மோந்து பாத்துச் சொல்லு."

கண்ணாயிரம் குனிந்து மோந்து பார்த்தான். நெய்யின் மணமும் வறுத்த வெங்காயத்தின் மணமும் மூக்கில் ஏறித் தலைக்குள் போயின. கண் இருண்டது. பம்பாய் கம்பளத்தின்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தவனைச் சுற்றி நான்கு பேர் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். தணிகாசலம் எழுதிக்கொண்டார்: 'பம்பாய். மணம் மிக உயர்வு. சுவைத்தவர் மெய்ம்மறந்தார்.'

அவன் காஞ்சிபுரத்தில் இறங்கியபோது ஐப்பசி பிறந்திருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பியதுமே தறிக்கட்டைகள் தெரிந்தன. சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன. அவற்றின்மேல் மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அவள் முந்தானைக்குள் ஒண்டியிருந்தன. வீட்டு வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் கிட்டே போனான். அவளே சொன்னாள்.

"நான் பாவு மேல குறுக்கப் படுத்துக்கினேன். ரெண்டு பொம்பளைங்கள இட்டாந்து என்னத் தூக்கி அந்தாண்ட வச்சிட்டு அறுத்தாங்க. கத்திரிக்கோலு கூட புதுசு. சங்கத்துதாம்." முந்தானையை இழுத்துப் பிள்ளைகளை மூடினாள். "அங்கயாச்சும் துன்னீங்களா?"

"இல்ல."

கலியாணசுந்தரம் குடையோடு வந்து நின்றார். நடக்காமல் நின்றே பேசினார். "நான் மூடலப்பா. சங்கம் மூடிச்சி. லவுஞ்சுக்கு இந்த வூடுதான் தோதுன்னு தலைவர் அன்னிக்கே சொல்லிட்டாரு. வாடகை மூணு பங்கு தராங்க. நீ பாக்கி வச்சிக்கினு இருந்தே. நீயே நியாயம் சொல்லு, என் எடத்துல இருந்தா நீ இன்னா பண்ணுவே?"

வாடகையைத் தரமுடியாமல் செய்ததும் சங்கம், மூன்று பங்கு தருவதும் சங்கம். இரண்டுக்கும் நடுவே எங்கோ தன் கூலி இருக்கிறது என்று மட்டும் கண்ணாயிரத்துக்குத் தெரிந்தது.

"இன்னிக்குத் தொறப்பு விழா," என்றாள் மணியம்மாள். "ரிப்போர்ட்டும் இன்னிக்குத்தானாம். போய் வாங்கிக்கினு வாங்க. ஐயம்பேட்டையில எங்க அக்கா ஊட்டுல ஒரு மூலை இருக்குது. குழி வெட்ட விடுவாளான்னு கேக்கலாம். கூலிய மட்டும் வாங்கிக்கினு வாங்க."

வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். வெளிநாட்டு விருந்தினருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. நெசவாளர் என்பதால் அவனைப் புழக்கடை வழியாக விட்டார்கள். அவன் மூன்று பிள்ளை பெற்ற வீட்டில் அவனுக்கு வழி தெரியவில்லை. சுவரெல்லாம் வெளிர்நீலம். தரை முழுக்கக் கம்பளம். நடுவில் சோபா. சோபாவின் இடதுகால் நின்ற இடத்தைப் பார்த்ததும்தான் அவனுக்குத் திசை பிடிபட்டது. அங்கேதான் மிதி இருந்தது. வெளிநாட்டு விருந்தினர் யாரும் வராததால் சோபாவில் தலைவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாயிரத்தைக் கீழே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். கால் இரண்டும் பழக்கத்தில் கீழே இறங்கப் பார்த்து, தரையில் முட்டி, மடங்கிக்கொண்டன.

தலைவர் பேசினார்.

"இந்த லவுஞ்சு யாருக்காக? நெசவாளனுக்காக. நெசவாளன் நெய்ததை விற்கத்தானே இது? இதற்காக ஒரு நெசவாளன் தன் இல்லத்தையே தியாகம் செய்தான். நாங்கள் கேட்கக்கூட இல்லை. அவன் ஊரிலேயே இல்லை. அப்படிப்பட்ட தியாகம்."

கைதட்டினார்கள். பிறகு தணிகாசலம் எழுந்து கண்ணாயிரத்தின் கணக்கை வாசித்தார். சங்கம் தரவேண்டியது நூற்று எண்பத்தேழு ரூபாய் நாற்பது பைசா என்பதைச் சங்கம் மனமார ஒப்புக்கொள்கிறது என்றார். அதைக் கேட்டதும் கண்ணாயிரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாளில் அந்தத் தொகையை இன்னொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

"உறுப்பினர் கண்ணாயிரம் மீனம்பாக்கத்தில் உயர்தர உணவில் விரலிட்ட வகையில், அந்த உணவு வேறு யாருக்கும் உதவாமல் போனதால், முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது பைசா. பெங்களூரில் அதே வகையில் ஐம்பத்திரண்டு ரூபாய். பம்பாயில் முகர்ந்த வகை, முகர்ந்ததற்கு அரைக் கட்டணம்தான் என்று குழு சலுகை காட்டியதால் நாற்பது ரூபாய். மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம் போகவர எல்லாம் சேர்த்து அறுபது. மீனம்பாக்கத்திலிருந்து அனுமதியின்றி வெளியே சென்ற கட்லெட் ஒன்று, ஒரு ரூபாய் பதினைந்து பைசா. ஆக நூற்றுத் தொண்ணூற்றொன்று அறுபத்தைந்து. சங்கத்தின் பாக்கி போக, உறுப்பினர் சங்கத்துக்குத் தரவேண்டியது நாலு ரூபாய் இருபத்தைந்து பைசா."

கண்ணாயிரம் எழுந்து நின்றான். "நான் துன்னலீங்க," என்றான். "விரலத்தான் விட்டேன். நீங்கதான் வேணாம்னீங்க. நீங்கதாங்க துன்னீங்க."

"நாங்க சாப்பிட்டது சாட்சிக்காகப்பா," என்றார் தணிகாசலம் பொறுமையாக. "எங்க செலவு பயிற்சிக் கணக்குல போயிடுச்சி. அத உன் தலையில கட்டல பாரு."

"கட்லெட்டு பசங்களுக்குங்க."

"பசங்களுக்குத்தான்னு தெரிஞ்சிதான் மேல் நடவடிக்கை எடுக்கல."

தலைவர் கையை உயர்த்தினார். அவருக்கு மனசு இளகிவிட்டது. "போதும் தணிகாசலம். ஏழை கிட்ட நாலு ரூபா கேக்கறதா? இந்தச் சங்கம் அதுக்கா இருக்குது? தள்ளுபடி. மொத்தமும் தள்ளுபடி."

இந்தத் தடவை கைதட்டல் தெருவில் தறிக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்டது. கூலி வந்துவிட்டது என்று நினைத்து மணியம்மாள் எழுந்து பிள்ளைகளின் தலையைத் துவட்டினாள்.

உள்ளே முதல் கிண்ணம் வந்தது. மூன்று ஊர்ச் சூப்பையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் குறையையும் நீக்கி, குழு தயாரித்த சூப்பு. அதைக் கண்ணாயிரத்தின் முன் வைத்துப் பதம் சொல்லச் சொன்னார்கள். அவன் விரலை விட்டான். தேய்த்தான். மெல்லப் பிரித்தான். இரண்டு விரலுக்கும் நடுவே மயிரிழை மாதிரி, அறாமல், ஆடாமல் நூல் நின்றது. இவ்வளவு காலத்தில் தெருவில் காய்ச்சிய எந்தக் கஞ்சியிலும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"எப்படிப்பா?"

"பாவுக்கு ஏத்த பதங்க," என்றான். விரலைத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

தலைவர் சோபாவில் சாய்ந்துகொண்டார். தணிகாசலம் கணக்குத் தீர்ந்ததற்கான தாளை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்து, கண்ணாயிரத்தின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். ரேகை விழவில்லை. விரல் முழுக்கச் சூப்பு ஒட்டிக் காய்ந்திருந்தது. லவுஞ்சின் புதுக் கைத்துண்டு ஒன்றை எடுத்து அவரே துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். இப்போது நன்றாக விழுந்தது. துண்டில் மையும் சூப்புமாகக் கறை. அதை விரித்துப் பார்த்துவிட்டு அவர் தலைவரிடம் குனிந்தார்.

"ஐயா, இந்தத் துண்டுக்கு வெளுப்புக் கூலி இருக்குதுங்களே. யார் பேர்ல எழுதறது?"

தலைவர் சூப்பில் இரண்டு விரலை விட்டுக்கொண்டே சொன்னார்.

"அதையும் தள்ளுபடி பண்ணிடு."